கழுகின் பின்பக்கம்: பழம்பொருள் கேள்வி–பதில்

இராணுவத்தில் இருந்தவர்களின் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பழைய பொருள்களைத் துடைத்துப் பளபளப்பாக்கிவிட வேண்டாம் என்று சில மாதங்களுக்கு முன் இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்களில் கணிசமானவை தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்தவை; அவற்றில் பல, ஜெர்மன் சீருடைகளில் தைக்கப்பட்ட துணிச் சின்னங்களைப் பற்றியவை. பாலக்கோட்டிலும் ஊத்தங்கரையிலும் ஹிட்லர் காலத்துக் கழுகுக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட, பொறியாளர் படையான மதராஸ் சாப்பர்ஸுக்கு இந்த ஊர்களிலிருந்து ஆட்கள் போனார்கள். போனவர்கள் வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் ஜெர்மானியரை எதிர்த்து நின்றார்கள். ஊர் திரும்பும்போது, எல்லா நாட்டுச் சிப்பாய்களையும் போலவே, சட்டைப்பையில் ஏதோ ஒன்றை எடுத்து வந்தார்கள். இந்த இதழை அந்தக் கடிதங்களுக்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: என் அம்மாவின் தகப்பனார் இரண்டாம் உலகப் போரின்போது மதராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். பனியில் நின்று பாலம் கட்டியதாகச் சொல்லிக்கொண்டிருப்பார். அவருடைய டிரங்குப் பெட்டியின் அடியில், வேட்டிக் கிழிசலில் முடிந்து வைத்த மூன்று துணித் துண்டுகள் கிடைத்தன. ஒன்று பழுப்புத் துணியில் நீலச்சாம்பல் நிறக் கழுகு. மற்றொன்று இரண்டு பனைமரங்களுக்கு நடுவே ‘ஆஃப்ரிகா’ என்று ஆங்கில எழுத்தில் தைத்த நீளப் பட்டை. மூன்றாவது கறுப்புச் சதுரத்தில் சிவப்புக் கழுகு. பெங்களூரிலிருந்து வந்த பழம்பொருள் வியாபாரி ஒருவர், சிவப்புக் கழுகுக்கு மதிப்பில்லை என்று ஒதுக்கிவிட்டு, மற்ற இரண்டுக்கும் சேர்த்து 2,000 ரூபாய் தருவதாகச் சொன்னார். கொடுக்கலாமா? — வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: கொடுக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்த அளவில், முதல் துண்டைப் பற்றி எனக்கு ஐயமில்லை. இரண்டாவதைப் பற்றி ஐயம் உண்டு. மூன்றாவது ஜெர்மானியருடையதே அல்ல, உங்கள் தாத்தாவுடையது.

முதல் துண்டிலிருந்து தொடங்குகிறேன். ஜெர்மன் படைகள் எல்லாவற்றிலும் கழுகு உண்டு, ஆனால் ஒவ்வொரு படையின் கழுகும் ஒவ்வொரு விதம். தரைப்படையின் கழுகு இறக்கைகளை இரு பக்கமும் நேராக விரித்து, வளையத்துக்குள் சாய்வாக நிற்கும் ஸ்வஸ்திகத்தைப் பற்றிக்கொண்டு, சட்டையின் வலது மார்புப் பைக்கு மேலே அமர்ந்திருக்கும். விமானப்படையின் கழுகு பறக்கிற நிலையில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். நாஜிக் கட்சியின் தனிப்படையான எஸ்.எஸ். படையினர் கழுகை மார்பில் அணியாமல் இடது மேற்கையில் அணிந்தார்கள். உங்களிடம் இருப்பது தரைப்படையின் கழுகு. நிறம் இன்னொரு செய்தியைச் சொல்கிறது. ஐரோப்பாவில் போரிட்டவர்களின் சீருடையில் கழுகு முதலில் அடர்பச்சைத் துணியில் வெள்ளை நூலாலும், 1940 முதல் எலிச்சாம்பல் நிற நூலாலும் இருந்தது. வெப்ப நாடுகளுக்கான சீருடைக்குத்தான் பழுப்புத் துணியில் நீலச்சாம்பல் நூல். 1941 பிப்ரவரியில் ஜெர்மன் தளபதி ரோமெல் லிபியாவின் திரிபோலியில் வந்திறங்கிய பின் அங்கே அணியப்பட்ட வகை இது.

இனி முக்கியமான பக்கத்துக்கு வருகிறேன். முன்பக்கத்தை யாரும் நகலெடுத்துவிடலாம். பின்பக்கத்தை நகலெடுக்கப் பழைய தறியும் பழைய நூலும் வேண்டும். இந்தக் கழுகு பூவேலையாகத் தைக்கப்பட்டதன்று, பட்டையாக நெய்யப்பட்டது. ஊப்பர்டால் நகரின் பார்மென் பகுதியில் ஏவால்ட் ஃபோர்ஷ்டேயர் என்ற நாடா ஆலை இருந்தது. அதன் பெயர்ச்சுருக்கமான ‘பெவோ’ என்பதையே, எந்த ஆலையில் நெய்த சின்னமாக இருந்தாலும், சேகரிப்பாளர்கள் பொதுப்பெயராக வழங்குகிறார்கள். நம் வீட்டில் ஜக்கார்டு பார்டர் வைத்த புடவையைத் திருப்பிப் பார்த்தால் மேலே மறைந்த நூல் கீழே ஓடுவது தெரியும் அல்லவா? அதே முறைதான் இங்கும். நீங்கள் அனுப்பிய இரண்டாவது படத்தில், பின்பக்கத்தில் கழுகின் உருவம் நிழல்போல மங்கலாகத் தெரிகிறது. ஓரங்களில் மடித்துத் தைத்த தடம் இருக்கிறது. இடது மூலையில் கத்தரிக்காமல் விட்ட தையல் நூல் இரண்டு துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கடையில் வாங்கியதாக இருந்தால் இந்தத் துணுக்குகள் இருக்க வாய்ப்பில்லை. யாரோ ஒருவர் பேனாக்கத்தியால் அவசரமாக ஒரு சட்டையிலிருந்து பிரித்திருக்கிறார். அந்த நூல் துணுக்குகளைப் பிடுங்கிச் சுத்தப்படுத்திவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது, பனைமரப் பட்டை. சட்டைக் கையின் முன்பகுதியைச் சுற்றி அணிகிற பட்டை இது. இதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது வியாபாரிகளுக்கும் வழக்கம். ‘ஆஃப்ரிகாகோர்’ என்ற நீண்ட சொல்லை வெள்ளி நிறத்தில் நெய்த அடர்பச்சைப் பட்டை, 1941-இல் வந்தது. இன்ன படையைச் சேர்ந்தவர் என்று காட்டுவதற்கானது. வலது கையில் அணிவது. ‘ஆஃப்ரிகா’ என்று மட்டும் எழுதி இருபுறமும் மரம் வைத்த ஒட்டகப் பழுப்புப் பட்டை, ஆப்பிரிக்கப் போரில் பங்கேற்றதற்கான விருது. இடது கையில் அணிவது. உங்களுடையது இரண்டாம் வகை. இந்த விருது அறிவிக்கப்பட்டது 1943 ஜனவரியில். ஜெர்மானியரும் இத்தாலியரும் துனீசியாவில் சரணடைந்தது அதே ஆண்டு மே மாதத்தில். இடையில் இருந்தது நான்கே மாதம். ஆகவே ஆப்பிரிக்க மண்ணில் இதை அணிந்திருந்தவர்கள் சிலரே. அங்கிருந்து முன்னதாகவே காயப்பட்டோ மாற்றலாகியோ போய், பிறகு இத்தாலியிலும் பிற இடங்களிலும் போரிட்டவர்களின் சட்டைகளில்தான் இது மிகுதியும் இருந்தது. உங்கள் தாத்தா பனியில் பாலம் கட்டியதாகச் சொன்ன ஊர் இத்தாலியாக இருந்தால், பட்டை அங்கே அவர் கைக்கு வந்திருக்கலாம், கணக்கு பொருந்துகிறது. ஆனால் இந்தப் பட்டை போலிகளுக்குப் பேர்போனது. நீங்கள் முன்பக்கப் படத்தை மட்டும் அனுப்பியிருக்கிறீர்கள். தடவிப் பார்த்தால் கம்பளியின் சொரசொரப்பு இருக்கிறதா, பூவேலையின் பின்பக்கத்தில் வெள்ளை நூலும் காகிதம் போன்ற தாளும் தெரிகின்றனவா என்று பார்த்து எழுதுங்கள். வெள்ளை நூலும் தாளும் இருந்தால், அது தருமபுரி பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே இரவிக்கைக்குப் போட்டுத் தருகிற கம்ப்யூட்டர் எம்பிராய்டரி வகைதான்.

அந்த வியாபாரி ஒதுக்கிய மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. கறுப்பின் மேல் சிவப்புக் கழுகு, பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தின் 4-ஆவது காலாட்படை டிவிஷனின் அடையாளம். 1940 டிசம்பரில் எகிப்தின் சிதி பர்ரானியில் இத்தாலியரைத் தோற்கடித்து, 1941-இல் எரித்திரியாவின் கெரன் மலையில் ஏறி, 1943-இல் துனீசியாவில் ஜெர்மன் தளபதி ஃபொன் ஆர்னிமைச் சரணடையச் செய்து, 1944-இல் இத்தாலியின் கசீனோ மலைச் சரிவில் பெரும் இழப்பைச் சந்தித்த டிவிஷன் அது. அதில் மதராஸ் சாப்பர்ஸின் 12-ஆவது பீல்டு கம்பெனியும் 11-ஆவது பீல்டு பார்க் கம்பெனியும் இருந்தன. கண்ணிவெடி ஒன்று வெடிக்கப் போவதைக் கண்டு, உடனிருந்தவர்களைக் காப்பதற்காக அதன் மேல் தன்னுடலைக் கிடத்தி 1944 பிப்ரவரியில் இத்தாலியின் மிஞ்ஞானோவுக்கு அருகே இறந்து, பிரிட்டிஷ் அரசின் உயர்ந்த வீர விருதான ஜார்ஜ் கிராஸ் பெற்ற சுபேதார் சுப்பிரமணியன் இந்தப் 11-ஆவது கம்பெனிக்காரர். ஜெர்மன் சின்னங்கள் ஆலையில் ஒரே அச்சாக வந்தவை. இந்தியச் சின்னங்கள் கிடைத்த துணியில் கடைத்தெருத் தையல்காரர்களும் செய்து கொடுத்தவை. ஆகவே உங்கள் சிவப்புக் கழுகின் ஓர் இறக்கை மற்றதைவிடக் குட்டையாக இருப்பதைக் கண்டு போலி என்று எண்ண வேண்டாம். ஜெர்மன் கழுகு அப்படி இருந்தால்தான் ஐயப்பட வேண்டும்.

விலைக்கு வருவோம். தனியே எடுத்தால் ஜெர்மன் கழுகு சில ஆயிரம் ரூபாய் பெறும். பட்டை உண்மையானதாக இருந்தால் சில பத்தாயிரத்துக்குப் போகும். சிவப்புக் கழுகு அதைவிட மிகக் குறைவு. ஆனால் மூன்றையும், தாத்தாவின் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும், பதக்கங்களையும் ஒரே கட்டாக வைத்தால், அது யாரோ விற்ற துணி என்ற நிலை மாறி, இன்ன படையில் இருந்த இன்னார் இன்ன இடத்தில் எடுத்து வந்தது என்ற வரலாறு ஆகிவிடுகிறது. அந்தக் கட்டுக்குத் திறவுகோல் வியாபாரி ஒதுக்கிய அந்தச் சிவப்புத் துணிதான். பெட்டியில் பதக்கம் ஏதாவது இருந்தால், மணல் நிற ரிப்பனின் நடுவே அகலச் சிவப்புக்கோடும் இருபுறமும் நீலக்கோடுகளும் உள்ள ஆறுமுனை நட்சத்திரம் உண்டா என்று தேடுங்கள். அது ஆஃப்ரிகா ஸ்டார். பிரிட்டிஷ்காரர்களுக்குப் பெயர் இல்லாமல் கொடுத்த இந்த நட்சத்திரங்களில், இந்தியர்களுக்குக் கொடுத்தவற்றின் பின்னால் பெரும்பாலும் எண்ணும் பெயரும் பொறித்திருப்பார்கள். தாள்களில் ‘சேலம் ஜில்லா’ என்று இருந்தால் வேறொருவருடையதோ என்று குழம்ப வேண்டாம். தருமபுரி மாவட்டம் பிரிந்தது 1965-இல். கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-இல். அன்று நாம் எல்லோரும் சேலத்துக்காரர்கள்தான்.

கேள்வி: நேதாஜி ஜெர்மனியில் அமைத்த படையின் கைச்சின்னம் என்று சொல்லி, இணையத்தில் 1,500 ரூபாய்க்கு ஒன்று வாங்கினேன். காவி, வெள்ளை, பச்சையின் மேல் புலி பாய்கிறது. மேலே ‘ஃப்ரைஸ் இண்டியன்’ என்று ஜெர்மன் மொழியில் எழுதியிருக்கிறது. 1943-ஆம் ஆண்டின் அசல் என்று சான்றிதழும் தந்தார்கள். எங்கள் தெரு மளிகைக்கடையில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கின் கீழ் வைத்தபோது பளீரென்று ஒளிர்ந்தது. இது நல்லதா, கெட்டதா? — வாசகர், ஓசூர்

பதில்: கெட்டது, தம்பி. ஆனால் மளிகைக்கடை விளக்கைப் பயன்படுத்திய உங்கள் அறிவைப் பாராட்டுகிறேன்; பல ஆண்டுகள் சேகரித்தவர்களே அதைச் செய்வதில்லை.

சின்னத்தின் கதை உண்மைதான். 1941 ஏப்ரலில் பெர்லின் சேர்ந்த சுபாஷ் சந்திர போஸின் முயற்சியால், வட ஆப்பிரிக்காவில் ஜெர்மானியரிடம் பிடிபட்ட இந்தியக் கைதிகளைக் கொண்டு உருவான படை அது. ஜெர்மன் தரைப்படையில் 950-ஆவது காலாட்படை ரெஜிமென்டாக இருந்து, 1944 ஆகஸ்டில் எஸ்.எஸ். படையின் பொறுப்புக்கு மாறியது. ஆட்கள் ஏறத்தாழ மூவாயிரம் பேர்தான். அவ்வளவு சிறிய படையின் கைச்சின்னம், இன்று இணையத்தில் எந்த நாளில் தேடினாலும் டஜன் கணக்கில் கிடைக்கிறது என்பதிலிருந்தே பாதி விடை தெரிந்துவிடும். அதை வாங்குகிறவர்களில் நம்மவர்கள் மிகுதி; நேதாஜியின் பெயரைச் சொன்னால் நமக்குக் கை தானாகப் பையை நோக்கிப் போகும் என்பதை விற்கிறவர்கள் அறிவார்கள்.

மீதிப் பாதி விடை உங்கள் படத்தில் இருக்கிறது. உங்கள் சின்னத்தின் ஓரம் கயிறு போலத் தடித்துச் சுற்றித் தைக்கப்பட்டிருக்கிறது. பள்ளிச் சீருடையிலும் கிரிக்கெட் தொப்பியிலும் காண்கிற இந்தத் தடித்த ஓரம் போர்க்கால ஜெர்மன் சின்னங்களில் இருக்காது. அசல், மெல்லிய நெசவாக, ஓரத்தில் மடிப்பதற்கென்று துணி விட்டு இருக்கும். பின்பக்கம் கண்ணாடி போல மினுக்குவது இஸ்திரிப் பெட்டியால் ஒட்டுவதற்கான பசை. விளக்கில் ஒளிர்வதற்குக் காரணம், நூலை வெள்ளை வெளேரென்று காட்டச் சேர்க்கிற ஒளிர்வேதிப்பொருள். அது நூலிலும் சலவைத்தூளிலும் பரவலாகக் கலந்தது போருக்குப் பிறகுதான்.

இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. அசல் சின்னத்தை உங்கள் பாட்டி என்றோ சலவைத்தூளில் ஊறவைத்திருந்தால் அதுவும் ஒளிரும். ஒளிராத போலியும் உண்டு. எனவே விளக்கை மட்டும் நம்பித் தீர்ப்புச் சொல்லாமல், பின்பக்கத்திலிருந்து பிரிந்து நிற்கும் ஓர் இழையை, அரை சென்டிமீட்டர் போதும், இடுக்கியால் எடுத்துத் தீக்குச்சியில் காட்டிப் பாருங்கள். பருத்தியும் அக்காலத்தில் மிகுதியாகப் பயன்பட்ட ரேயானும் காகிதம் போல எரிந்து சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகத் திரளும். பாலியெஸ்டர் நூல் கடைக்கு வந்ததே போர் முடிந்த பின்புதான். உங்களுடையதில் மணி திரளும் என்பதில் எனக்கு ஐயமில்லை. சான்றிதழைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. சின்னத்தையே அச்சடிக்கிறவருக்குத் தாளை அச்சடிப்பது கடினமா?

நானும் ஏமாந்தவன்தான். பல ஆண்டுகளுக்கு முன் பெங்களூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், ஜெர்மன் அதிகாரியின் கழுத்துப்பட்டைச் சின்னம் என்று சரிகை வேலை செய்த ஒரு ஜோடியைக் கணிசமான விலைக்கு வாங்கினேன். வீட்டுக்கு வந்து, என் தாயார் பழைய சேலையை எடைக்குப் போடுமுன் செய்வதைப் போலச் சரிகையை நகத்தால் சுரண்டினேன். உள்ளே செம்பு சிவந்தது. ஜெர்மானியர் அக்காலத்தில் பயன்படுத்தியது அலுமினியக் கம்பி. அது காலப்போக்கில் சாம்பல் படியும், சிவக்காது, பச்சைக் களிம்பும் பிடிக்காது. சரிகைப் பேட்ஜ் வேலைக்குப் பெயர்பெற்ற ஊர்கள் சியால்கோட்டும் வாரணாசியும். ஜெர்மன் அதிகாரிகளின் ‘அசல்’ சின்னங்களில் எத்தனையோ இந்தத் துணைக்கண்டத்தில் பிறந்தவை. அந்த ஜோடியை இன்னும் வைத்திருக்கிறேன். வேலை மிக நேர்த்தியானது.

கேள்வி: இத்தகைய சின்னத்தை எப்படிப் பாதுகாப்பது? லேமினேஷன் செய்யலாமா? — வாசகர், பென்னாகரம்

பதில்: செய்யக்கூடாது. சூடும் பசையும் பட்ட துணியை எவராலும் மீட்க முடியாது; பின்பக்கத்தைப் பார்க்கும் வழியும் அடைந்துவிடும். ஃபெவிகால் போட்டு அட்டையில் ஒட்டிச் சட்டம் போடுவதும் அதே தவறுதான். கஞ்சி போகத் துவைத்து உலர்த்திய வெள்ளைப் பருத்தித் துணியில், மடிக்காமல் தட்டையாக வைத்து, காற்றுப் புகும் அட்டைப்பெட்டியில் வையுங்கள். கம்பளித் துணியானால் பூச்சி அரிக்கும். அந்துருண்டையைத் துணியைத் தொடாமல் தனி முடிச்சில் போடுங்கள். பிளாஸ்டிக் உறை ஐப்பசி, கார்த்திகையில் வேர்க்கும், வேண்டாம். துவைப்பதும் இஸ்திரி போடுவதும் அறவே கூடாது: அழுக்கும்கூடச் சான்றுதான்.

கேள்வி: ரோஜா நிற ஓரமும் நடுவில் மண்டையோடும் உள்ள கறுப்புக் கழுத்துச் சின்னத்தை, ‘எஸ்.எஸ். கொலைப்படையுடையது’ என்று சொல்லி ஒருவர் விற்கிறார். இவ்வளவு கொடிய படைக்கு ரோஜா நிறமா? — கல்லூரி மாணவி, பாப்பாரப்பட்டி

பதில்: உங்கள் ஐயம் சரியான இடத்தில்தான் எழுந்திருக்கிறது. ஜெர்மன் தரைப்படையில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நிறம் உண்டு: காலாட்படைக்கு வெள்ளை, பீரங்கிப் படைக்குச் சிவப்பு, நம் சாப்பர்ஸுக்கு நிகரான பொறியாளர் பிரிவுக்குக் கறுப்பு, மலைப்படைக்கு இளம்பச்சை, டாங்கிப் படைக்கு ரோஜா. டாங்கி வீரர்களின் கறுப்புச் சட்டையில், ரோஜா ஓரமிட்ட கழுத்துச் சின்னத்தில் மண்டையோடு இருப்பது இயல்பு. அது பழைய பிரஷ்யக் குதிரைப்படையிலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்ட மரபு. எஸ்.எஸ். படையின் மண்டையோடு வேறு. எஸ்.எஸ். என்று சொன்னால் விலை பல மடங்கு ஏறும் என்பதால், மண்டையோட்டைக் கண்ட இடத்திலெல்லாம் அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். விற்பவர் எதை விற்கிறோம் என்றே அறியாதபோது, அசலா போலியா என்ற அவருடைய வாக்கை எப்படி நம்புவது? இன்னொன்றும் சொல்லி வைக்கிறேன். மஞ்சள் நிறத் துணியில் சிறகு விரித்த சிறு பறவைகள் உள்ள கழுத்துச் சின்னம் யார் வீட்டிலாவது இருந்தால் அது விமானப்படையினுடையது. கசீனோவில் நம்மவர்களை எதிர்த்து நின்ற பாராசூட் வீரர்களும் விமானப்படையைச் சேர்ந்தவர்கள் என்பதால் அதையே அணிந்தார்கள். சாப்பர்ஸ் வீட்டில் அது கிடைத்தால் எனக்கு உடனே எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் பூட்டனார் மதராஸில் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அவர் வைத்திருந்ததாகச் சொல்லப்படும் ஒரு கறுப்பு ரிப்பனில், பழங்காலத்துக் கொம்பு வைத்த ஜெர்மன் எழுத்தில் ‘க்ரோய்ட்சர் எம்டன்’ என்று இருக்கிறது. 1914-இல் மதராஸைச் சுட்ட அதே எம்டனா? — வாசகர், தேன்கனிக்கோட்டை

பதில்: அதே எம்டன் இல்லை, அதன் பெயரைச் சூடிய கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவு மதராஸ் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்து, நவம்பர் 9-இல் கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னியிடம் வீழ்ந்த எம்டனின் மாலுமிகள், தொப்பி ரிப்பனில் ‘எஸ்.எம்.எஸ். எம்டன்’ என்று அணிந்தார்கள். அந்த மூன்று எழுத்துக்கு ‘மாட்சிமை மிக்க மன்னரின் கப்பல்’ என்று பொருள். இன்றைய பிள்ளைகள் கைப்பேசிச் செய்தி என்று நினைப்பார்கள். மன்னர் காலத்து ரிப்பன்களில் எழுத்து, கொம்பும் வளைவும் இல்லாத சாதாரணப் பெரிய எழுத்தாகவே இருக்கும். 1918-இல் மன்னராட்சி போனதும் அந்த மூன்று எழுத்தும் போயின. கொம்பு வைத்த எழுத்து அதற்கும் பின்னால், ஹிட்லர் காலக் கடற்படையில் வழங்கியது. எனவே உங்களுடையது, 1925-இல் மிதக்கவிடப்பட்டு மாலுமிகளுக்குப் பயிற்சி தந்து உலகைச் சுற்றி வந்த பிந்தைய எம்டனின் ரிப்பனாக இருக்க வேண்டும். பூட்டனார் துறைமுகக்காரர் என்பதால் அவர் கைக்கு வந்த வழி வியப்பானதன்று. கெட்டிக்காரரை ‘பெரிய எம்டன்’ என்று நாம் இன்றும் சொல்கிறோம். அந்தச் சொல் முதல் எம்டனின் சொத்து. முதல் எம்டனின் ரிப்பன் ஒன்று கிடைத்தால் அதற்கு நூறு ஆண்டு கடந்துவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். அத்தகைய வரலாற்றுப் பொருள்களை 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தனியார் நாட்டை விட்டு வெளியே அனுப்ப முடியாது.

கேள்வி: இவற்றை வைத்திருப்பது குற்றமா? விற்பதானால் எங்கே, எப்படி விற்பது? விலையைத் தீர்மானிப்பவை எவை? ஸ்வஸ்திகம் இருப்பதால் பூஜை அறையில் வைக்கலாம் என்கிறார் என் மாமியார். — வாசகி, ஊத்தங்கரை

பதில்: மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். நாம் வாசலில் மாவால் போடுகிற மங்கலச் சின்னத்துக்கும், வளையத்துக்குள் 45 பாகை சாய்த்து ஒரு கழுகின் நகத்தில் மாட்டிய சின்னத்துக்கும் உருவம் ஒன்றாக இருக்கலாம். அதன் கீழ் நடந்தவை வேறு. பூஜை அறை வேண்டாம், அலமாரி போதும்.

இந்தியாவில் வீட்டில் வைத்திருப்பது குற்றமில்லை. ஜெர்மனியில் அந்தச் சின்னத்தைப் பொதுவில் காட்டுவதற்கும் பரப்புவதற்கும் தண்டனைச் சட்டத்தில் தடை உண்டு. அங்குள்ள வியாபாரிகள் படங்களில் ஸ்வஸ்திகத்தின் மேல் தாளை ஒட்டி மறைத்திருப்பது அதனால்தான். சில பெரிய இணைய ஏலத் தளங்களும் இத்தகைய பொருள்களை அனுமதிப்பதில்லை. ஆகவே விற்பனை பெரும்பாலும் இராணுவப் பொருள்களை மட்டும் ஏலம் விடுகிற வெளிநாட்டு நிறுவனங்கள் வழியாகவே நடக்கிறது. அவர்கள் தரகும் அஞ்சல் செலவும் போக, ஒற்றைக் கழுகை விற்பதில் மிஞ்சுவது குறைவு.

விலையைத் தீர்மானிப்பவை எவை என்று கேட்டீர்கள். இன்ன படை, இன்ன பதவி, எவ்வளவு பேர் அணிந்தார்கள் என்பது முதலில். பிறகு நிலை. இங்கே நம் பழக்கத்துக்கு மாறான ஒன்று உண்டு: தைக்கப்படாத புத்தம்புதிய சின்னத்தைவிட, தைத்து அணிந்து வெயிலில் வெளுத்த சின்னத்தை விரும்புகிறவர்கள் பலர். கிடங்கில் கிடந்த புதுச்சின்னத்தையும் நேற்று நெய்த போலியையும் பிரித்தறிவது கடினம். வியர்வைக் கறையும் மடிப்பில் மட்டும் மங்காமல் நிற்கிற பழைய நிறமும் எளிதில் போலி செய்ய முடியாதவை. எஸ்.எஸ். சின்னங்களுக்கு விலை மிகுதி, போலியும் மிகுதி. அவற்றை நான் படத்தைப் பார்த்து மதிப்பிடுவதே இல்லை. கடைசியாக, எங்கிருந்து வந்தது என்ற கதை. கதை என்றால் வாய்வார்த்தை போதாது. தாள் வேண்டும், பதக்கத்தில் எண் வேண்டும், முடிந்தால் அந்தச் சீருடையில் நிற்கும் புகைப்படம் வேண்டும். இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் பெரியவர் எவரேனும் தாத்தா சொன்னதைக் கேட்டவராக இருந்தால், அவரை உட்கார வைத்து, எந்தப் படை, எந்த ஊர், யாரிடமிருந்து என்று கேட்டு, தேதியிட்டு எழுதிக் கையெழுத்து வாங்கிப் பெட்டியிலேயே வைத்துவிடுங்கள். அவர் ‘கசீனா’ என்றோ ‘துனிசு’ என்றோ சொன்னால் திருத்தாமல் அப்படியே எழுதுங்கள்.

கடிதத்துடன் படம் அனுப்புகிறவர்கள் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் இரண்டு, ஓரத்தை மட்டும் அருகில் வைத்து எடுத்தது ஒன்று என நான்கு படங்கள் அனுப்பவும். பக்கத்தில் ஓர் அடிக்கோலை வைத்து, பிளாஷ் இல்லாமல் காலை வேளையில் சன்னல் வெளிச்சத்தில் எடுக்கவும். காவேரிப்பட்டணத்து வாசகியின் பட்டைக்கான பின்பக்கப் படத்துக்காகக் காத்திருக்கிறேன்.